'பிறகு' என்ற பொத்தான்: ஒரு மின்னஞ்சல் மென்பொருளும் அதன் ஒட்டுகளும்

எங்க தோட்டத்து வாசிகசாலையில் ஒரு கணினி இருக்கு. கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணன்மார் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்தது. வரும்போதே பழசு, விண்டோஸ் 7. அதில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறோம். "ஜிமெயில் இருக்கும்போது இது எதுக்குடா?" என்று கெம்பஸில் கேட்பார்கள். யட்டியாந்தோட்டைப் பக்கம் மலைச்சரிவில் இருக்கிற ஒரு டிவிஷனுக்கு ஒரு தடவை வந்து பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள். சாயங்காலம் மழை இறங்கினால் சிக்னலும் போயிரும். கிடைக்கிற பத்து நிமிஷத்தில் எல்லாக் கடிதத்தையும் கணினிக்குள் இறக்கி வைத்துவிட்டால், அப்புறம் ஆற அமர வாசிக்கலாம். பதிலையும் எழுதி வைக்கலாம், சிக்னல் வரும்போது அது போகும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தமாக இ-மெயில் இல்லாதவர்கள் விண்ணப்பத்தில் வாசிகசாலையின் முகவரியைத்தான் எழுதுகிறார்கள். அதனால் ஸ்கேன் செய்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஊழியர் சேமலாப நிதிப் படிவம், உயர்தரப் பெறுபேறு என்று நாற்பது குடும்பத்தின் தாள்கள் அதற்குள் கிடக்கின்றன.

2024 தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்தபோதுதான் கவனித்தோம். மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரு சின்னச் சாளரம் எட்டிப் பார்க்கிறது, யாரோ ஒருவர் 'பிறகு' என்று அழுத்துகிறார், வேலை தொடர்கிறது. டேட்டா காசு மிச்சமாகட்டும் என்று தானாக இறங்காதபடி மாற்றி வைத்ததும் நாங்கள்தான். கணக்குப் பார்த்தால் 14 மாதம். அந்தப் 14 மாதத்தில் எதையெல்லாம் தவறவிட்டோம் என்று தேட ஆரம்பித்து, வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்பதால் முப்பது வருடம் பின்னால் போய்விட்டோம்.

முதலில் கொஞ்சம் நம்ம ஊர்க் கதை. தோட்டத்துக்கு வரும் கடிதம் லயத்துக் கதவுக்கு வந்ததில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தப்பால் பையைச் சுமப்பதற்கென்றே ஒரு ஆள் இருந்தார். டவுன் தபாலகத்துக்கு நடந்து போய், பையை வாங்கிக்கொண்டு வந்து ஒஃபிஸில் இறக்குவார். அங்கே பிரித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. பை போய் இப்போது சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டன, ஆனால் லயக் காம்பராவுக்கு இலக்கம் இல்லாத தோட்டங்களில் கடிதம் இன்றைக்கும் ஒஃபிஸ் வழியாகத்தான் வருகிறது. நேர்முகத் தேர்வு முடிந்து மூன்றாம் நாள் கடிதம் கைக்குக் கிடைத்த கதை இல்லாத தோட்டம் குறைவு. கடிதம் எழுதியாச்சு, அனுப்பியாச்சு, தபாலகத்துக்கும் வந்தாச்சு. கையில் மட்டும் இல்லை. இந்த இடைவெளியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேசைக் கணினிக்கான பழைய மின்னஞ்சல் மென்பொருள்களில் பேர்போனது யுடோரா. இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988இல் எழுதியது. அமெரிக்க எழுத்தாளர் யுடோரா வெல்ட்டியின் ஒரு சிறுகதை, தபாலகத்திலேயே குடியிருக்கிற ஒருத்தியைப் பற்றியது. அந்த நினைவில்தான் இந்தப் பெயர். (நமக்குத் தபாலகமே நாலு மைல். போகட்டும்.) அந்தக் காலத்து மென்பொருள்கள் எல்லாம் ஒரு நம்பிக்கையில் எழுதப்பட்டவை. கடிதம் எழுதுகிறவர்கள் பல்கலைக்கழக ஆட்கள், ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள், பொய் முகவரி எழுத யாருக்கும் தேவை இல்லை. 1988 நவம்பரில் மொரிஸ் புழு வந்து, கடிதங்களைக் கடத்தும் சென்ட்மெயில் என்ற நிரலின் ஓட்டை வழியாகவும் இயந்திரம் இயந்திரமாகத் தாவியபோதே அந்த நம்பிக்கைக்கு முதல் அடி விழுந்தது. ஆனாலும் வீட்டு மேசை வரைக்கும் அது வர இன்னும் பத்து வருடம் எடுத்தது.

இடையில் தமிழுக்கு வேறு ஒரு வழு இருந்தது. கணினி ஆட்கள் 'பக்' என்பதைத்தான் தமிழில் வழு என்கிறோம். 90களில் இலங்கையில் தமிழ்க் கடிதம் என்றால் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான். வாங்குகிறவரின் கணினியில் பாமினி இல்லாவிட்டால், 'அம்மா' என்று நீங்கள் எழுதியது அங்கே எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகப் போய் நிற்கும். யூனிகோட் வந்த பிறகும், மென்பொருள் எழுத்துக் குறியீட்டைத் தப்பாக ஊகித்தால் கடிதம் முழுக்கக் கேள்விக்குறி. இதனால் யாருடைய காசும் திருட்டுப் போகவில்லை, எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. அதனால் அவசரமும் இல்லை. எந்த வழு முதலில் திருத்தப்படும் என்பதை, அதனால் பாதிக்கப்படுகிறவர் யார் என்பதும் கொஞ்சம் தீர்மானிக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சரி, ஓட்டைகளுக்கு வருவோம்.

1999 மார்ச் 26இல் மெலிஸா. வேர்ட் கோப்பு ஒன்றைத் திறந்தால், மைக்ரோசொஃப்ட் அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்கு அதுவே தன்னை அனுப்பிக்கொள்ளும். 2000 மே 4இல் மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ'. காதல் கடிதம் என்று பெயர் வைத்த ஓர் இணைப்பு. பெயரின் கடைசி மூன்று எழுத்துதான் அது ஒரு நிரல் என்று காட்டிக்கொடுக்கும், ஆனால் விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். அழகாக இருக்கட்டும் என்று மறைத்ததுதான். அதுவே வழியாகிப் போச்சு. லட்சக்கணக்கான கணினிகள் விழுந்தன. எழுதியவரைத் தண்டிக்க அப்போது பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை. அடுத்த மாதமே மைக்ரோசொஃப்ட் ஓர் ஒட்டு வெளியிட்டது. ஆபத்தான வகை இணைப்புகளை அவுட்லுக் இனித் திறக்கவே விடாது. அலுவலகங்கள் நன்றி சொல்லவில்லை, "எங்க ஃபைலைத் திறக்க முடியல" என்றுதான் சத்தம் போட்டன. பாதுகாப்புத் திருத்தங்களின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப வரும் காட்சி.

'ஒட்டு' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறோம். லயத்துக் கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் தார் பூசி ஒட்டுப் போடுவது நமக்குத் தெரியும். ஒரு இடத்தில் போட்டால் அடுத்த மழைக்கு இன்னொரு இடத்தில் ஒழுகும். மென்பொருளும் அப்படித்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: மென்பொருளில் ஒட்டை வெளியிட்ட அன்றைக்கே, ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஒட்டுப் போடாத கூரைகளைத் தேடிப் போக அதுவே வரைபடம்.

இதற்கு எங்களுக்குத் தெரிந்து நிம்டாவை விட நல்ல உதாரணம் இல்லை. 2001 செப்டெம்பர் 18இல் பரவிய புழு. கடிதத்தோடு வரும் இணைப்பு தன்னை ஓர் ஒலிக் கோப்பு என்று சொல்லிக்கொள்ளும். உள்ளே இருப்பது ஓடக்கூடிய நிரல். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதத்தைக் காட்டுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் உறுப்புகளைத்தான் பயன்படுத்தியது. அந்த உறுப்போ, 'ஒலிதானே' என்று நம்பி அதைத் தானாகவே இயக்கிவிடும். இணைப்பை அழுத்த வேண்டியதில்லை. முன்னோட்டப் பகுதியில் கடிதம் தெரிந்தாலே போதும். 'தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறக்காதே' என்று அதுவரை சொன்ன புத்திமதி எல்லாம் அங்கே செல்லாது.

இந்த ஓட்டைக்கான ஒட்டு வெளிவந்தது எப்போது தெரியுமா? 2001 மார்ச் 29. புழு வருவதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் முன்னால். மருந்து கடையில் இருந்தது, கைக்கு வரவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக மொடெமில் இணையத்துக்கு வந்த காலம், ஒட்டை நாமாகத் தேடிப்போய் இறக்க வேண்டும். அதே ஒக்டோபரில் வந்த கிளெஸ் என்ற புழுவும் அதே ஓட்டையில்தான் நுழைந்தது, 2002லும் பரவிக்கொண்டே இருந்தது. 2003 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை ஒட்டு நாளாக ஆக்கியதும், பிறகு தானாக இறங்கும் முறையைப் பரவலாக்கியதும் இந்த அடிகளுக்குப் பிறகுதான்.

தண்டர்பேர்ட் இந்தச் சூழலில் பிறந்தது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998இல் தன் மூல நிரலைப் பொதுவில் திறந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்த மொஸில்லாவின் கடிதப் பகுதியைத் தனியாகப் பிரித்து எடுத்து, 2004 டிசம்பர் 7இல், சுனாமிக்கு 19 நாள் முன்னால், முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். நிம்டாக்களைப் பார்த்துவிட்டு எழுதியதால் சில கதவுகளைச் சாத்தியே வைத்தார்கள். கடிதத்துக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடாது. வெளியிலிருந்து வரும் படங்கள் நாம் அனுமதித்தால்தான் தெரியும். படத்தில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். படத்தைக் கொண்டுவர உங்கள் கணினி அனுப்பியவரின் சேர்வருக்குப் போகிறது. அந்தப் போக்கிலேயே, நீங்கள் எப்போது, எந்த இணைப்பிலிருந்து கடிதத்தைத் திறந்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

தண்டர்பேர்டின் பாதுகாப்பு அறிவிப்புகளை வரிசையாக வாசித்தால் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வரும். கடிதம் வாசிக்கும்போது ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருப்பதால் இந்த ஓட்டைகளைப் பொதுவாகக் கடிதம் மூலம் பயன்படுத்த முடியாது, ஆனால் உலாவி போல இயங்கும் இடங்களில் ஆபத்து உண்டு, என்ற கருத்து அது. ஃபயர்பொக்ஸின் அடித்தளத்தின் மேல் கட்டிய வீடு என்பதால், அங்கே ஒழுகினால் இங்கேயும் ஒட்டுப் போட வேண்டும். பாதி ஒட்டுகள் பக்கத்துக் காம்பராவுடையவை என்று சொல்லலாம்.

தண்டர்பேர்டுக்கே உரிய ஓட்டைகளில் எங்களை அதிகம் உட்கார வைத்து யோசிக்க வைத்தது 2017 டிசம்பரில் வெளியான 'மெயில்ஸ்ப்ளொய்ட்'. கடிதத்தின் தலைப்பகுதியில் ஆங்கில எழுத்தல்லாத பெயர்களையும் எழுத வழி செய்யும் விதிமுறை ஒன்று 1992இல் வந்தது. அனுப்புநர் இடத்தில் தமிழில் பெயர் தெரிகிறது என்றால் அது அந்த விதியின் புண்ணியம். எழுத்துகளை வேறு குறிகளாக மாற்றிப் பொதி கட்டி அனுப்பும், மென்பொருள் பொதியை அவிழ்த்துக் காட்டும். சப்ரி ஹத்தூஷ் என்ற ஆய்வாளர் என்ன செய்தார் என்றால், அந்தப் பொதிக்குள் 'இத்தோடு முடிந்தது' என்று பொருள்படும் வெற்று எழுத்து ஒன்றைச் செருகினார். மென்பொருள் அதுவரைக்கும் காட்டிவிட்டு நின்றுவிடும். மிச்ச முகவரி, அதாவது உண்மையான முகவரி, திரையில் வராது. அமெரிக்க ஜனாதிபதியின் முகவரியிலிருந்து வந்தது போல அவர் காட்டிய கடிதத்தை 30க்கும் மேற்பட்ட மின்னஞ்சல் மென்பொருள்கள் நம்பின. தண்டர்பேர்ட் அதே மாதம் 52.5.2 பதிப்பில் இதைத் திருத்தியது. நம்ம பெயரை நம்ம எழுத்தில் எழுதத் திறந்த கதவு வழியாகவே வேறொருவர் உள்ளே வந்திருக்கிறார். அதற்காகக் கதவை மூடாமல், வாசலில் நின்று சரிபார்க்கப் பழக்கினார்கள் பாருங்கள், அதுதான் நல்ல திருத்தம்.

2018 மே மாதம் 'ஈஃபெயில்' வந்தது. ஜெர்மனி, பெல்ஜியம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. மறையாக்கம் செய்த கடிதத்தை ஒருவர் வழியில் பிடித்துவிடுகிறார் என்று வையுங்கள். அவரால் வாசிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் மூடாமல் விட்ட ஒரு படக் கட்டளையையும், பின்னால் அதன் முடிவையும் ஒட்டி, உரியவருக்கே அனுப்புகிறார். உரியவரின் மென்பொருள் நடுப்பகுதியைத் திறந்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, இரகசியம் முழுவதையும் படத்தின் முகவரி என்று நினைத்துத் திருடனின் சேர்வரிடமே கொண்டுபோய்க் கேட்கிறது. பூட்டை உடைக்கவே இல்லை, வீட்டுக்காரரைக் கொண்டே திறக்க வைத்தாச்சு. தண்டர்பேர்ட் இதை ஒரே தடவையில் மூடவில்லை. மே மாதம் 52.8, ஜூலையில் 52.9 என்று இரண்டு ஒட்டு தேவைப்பட்டது.

திருத்தமே வழுவான கதையும் உண்டு. 2020இல் 78 பதிப்போடு மறையாக்கத்தைத் தனிச் செருகி இல்லாமல் உள்ளேயே கட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் 78.8.1 முதல் 78.10.1 வரையான பதிப்புகளில் இறக்கிய இரகசியத் திறவுகோல்கள், முதன்மைக் கடவுச்சொல்லின் காவல் இல்லாமல் வட்டில் அப்படியே கிடந்தன. 2021 மே மாதம் 78.10.2இல் சரிசெய்தார்கள், ஏற்கெனவே திறந்து கிடந்த திறவுகோல்களும் மறுபடி பூட்டப்பட்டன. இதை அவர்கள் மறைக்கவில்லை. என்ன பதிப்பு, என்ன தவறு என்று தாங்களே எழுதி வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னும் ஆச்சரியம். 2012 ஜூலையில் மொஸில்லா, தண்டர்பேர்டுக்குப் புதிய வசதிகளுக்காக இனிப் பெரிதாக ஆள் போடப்போவதில்லை, பாதுகாப்பும் நிலைத்தன்மையும் மட்டும் பார்த்துக்கொள்ளப்படும் என்று அறிவித்தது. பத்திரிகைகள் அதை மரண அறிவித்தல் போலத்தான் எழுதின. 2015இல் ஃபயர்பொக்ஸும் இதுவும் பிரிய வேண்டும் என்றே பேச்சு வந்தது. ஆனாலும் தொண்டர்கள் ஒட்டுப் போடுவதை விடவில்லை. 2020இல் இதற்கென்று தனி நிறுவனம் அமைந்தது, 2022இல் பயனர்கள் கொடுத்த நன்கொடை மட்டும் 64 லட்சம் டொலர். கொண்டாட்டமே இல்லாத அந்த நடு வருடங்கள்தான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. புது வசதி ஒன்றும் பெரிதாக இல்லை. கூரை மட்டும் ஒழுகாமல் இருந்தது.

நம்ம பக்கம் ஒரு இழப்பும் இருக்கு. தண்டர்பேர்டின் மொழிப் பட்டியலில் ஒரு காலத்தில் 'தமிழ் (இலங்கை)' என்று தனியாக ஒரு வரி இருந்தது, சிங்களமும் இருந்தது. நம் நாட்டுத் தமிழுக்கென்றே யாரோ உட்கார்ந்து வரி வரியாக மாற்றியிருக்கிறார்கள். இப்போதைய பட்டியலில் அந்த வரி இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் புதுச் சொற்றொடர்கள் வரும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும். வாசிகசாலைக் கணினியில் எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. 'இந்தக் கடிதம் ஏமாற்றாக இருக்கலாம்' என்று மேலே ஒரு பட்டை வந்தாலும், அதை வாசிக்க முடியாத ஒருவருக்கு அது வெறும் நிறம்தான். 14 மாதம் 'பிறகு' என்று அழுத்தியவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் இல்லை. அந்தச் சாளரம் என்ன கேட்கிறது என்றே பலருக்குப் புரியவில்லை.

ஒட்டுப் போடாவிட்டால் என்னதான் ஆகும் என்பதற்கு ரொம்பத் தூரம் போகத் தேவையில்லை. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி வலையமைப்பைக் கப்பம் கேட்கும் நிரல் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5000 அதில் அகப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை. அங்கே ஓடியது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஒட்டுகளை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரல் 11உடன் நிறுத்தியிருந்தது. 2021இலிருந்தே மாற்ற நினைத்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முந்தைய சபை முடிவுகளாலும் தாமதமானதாகவும் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது. 2022இல் நாடு இருந்த நிலையில் பெற்றோலுக்கே வரிசை, எக்ஸ்சேஞ்சுக்கு எங்கே போவது என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் நாடளவில் அழுத்தப்பட்ட 'பிறகு' அது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அது சேர்வர், நம்முடையது மேசைக் கணினி. கடிதங்களைத் தன் கணினிக்கு இறக்கி வைத்திருந்த அரச ஊழியர் யாராவது இருந்திருந்தால், அவருடைய பிரதி அவரிடம் இருந்திருக்கும்.

எங்க கணினிக்கு வருவோம். அந்த விடுமுறையிலேயே கெம்பஸ் வைஃபையில் இறக்கிய நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து 115 பதிப்பைப் போட்டோம். நிம்மதி கொஞ்ச நாள்தான். விண்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்டே 2020 ஜனவரியில் கையை விரித்துவிட்டது, தண்டர்பேர்டும் 115உடன் நிறுத்திக்கொண்டது. 2024 ஜூலையில் வந்த 128க்கு விண்டோஸ் 10 வேண்டும். அதன் பிறகு 115க்கான ஒட்டுகளும் நின்றன. புதுக் கணினிக்குக் காசு இல்லை. இன்னொரு விடுமுறையில் நாலு பேர் உட்கார்ந்து, கடிதங்கள் இருக்கும் கோப்புறையை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸை நீக்கி லினக்ஸ் போட்டோம். ஒரு நாள் முழுக்கப் போச்சு. பிரிண்டர் மறுபடி வேலை செய்ய இன்னொரு நாள்.

ஒட்டு இறக்க டேட்டா இன்னும் பிரச்சினைதான். அதனால் வாசிகசாலைச் சுவரில், அடையாள அட்டைப் பிரதி எடுக்கும் விலைக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். மாதம், பெயர், பதிப்பு இலக்கம் என்று மூன்று நிரல். அந்த மாதம் கெம்பஸிலிருந்தோ டவுனிலிருந்தோ ஊருக்கு வருகிற ஆள் புதிய பதிப்பைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். போன மாதம் வந்த தங்கச்சி, மழையில் நனையாமல் இருக்க அதைச் சொப்பிங் பேக்கில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். சந்தியில் இறங்கினால் அங்கிருந்து நடைதான்.